பழைய ஆங்கில நூல்களில் தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின் போன்றவர்களைப் படிக்கும்போது கடினமான சொற்களை அகராதியில் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்ததாக இருந்தும் சில வாக்கியங்கள் பொருந்தாமல் நிற்கின்றன. ஏன்? அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பாதிக்குப் பதில், தெரிந்த சொற்கள்தான் காரணம். தெரியாத சொல் வந்தால் நின்றுவிடுகிறோம், தேடுகிறோம், பொருள் கிடைத்துவிடுகிறது. பழகிய முகத்தோடு வரும் சொல்லை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. ஆங்கில இலக்கிய அறிஞர் சி. எஸ். லூயிஸ் 1960-ல் வெளியிட்ட 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' என்ற நூலில் இதற்கு 'ஆபத்தான பொருள்' என்று பெயர் வைத்தார். ஒரு சொல்லைக் கேட்டதும் இன்று நம் மனதில் முதலில் வந்து நிற்கும் பொருள் எதுவோ அது. பழைய வாக்கியத்தில் அது அரைகுறையாகப் பொருந்திவிட்டால் போதும், சந்தேகமே இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

இதிலிருந்து கொஞ்சம் விசித்திரமான ஒரு முடிவு வருகிறது. ஒரு நூல் நம் காலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக ஏமாற்றும். ஷேக்ஸ்பியரைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஜேன் ஆஸ்டினைத் தைரியமாகத் திறக்கிறார்கள். என்னைக் கேட்டால் பயத்தை இடம் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பழைய ஆங்கிலம்' என்று ஷேக்ஸ்பியர் மொழியைத்தான் பலரும் சொல்கிறார்கள். மொழியியலில் அந்தப் பெயர், சுமார் 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்ட மொழிக்கு உரியது. அதன் பிறகு கவிஞர் சாசர் எழுதிய இடைக்கால ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் எழுதியதை நவீன ஆங்கிலத்தின் தொடக்கக் கட்டம் என்றே கணக்கில் எடுப்பார்கள்.

அந்த உண்மையான பழைய ஆங்கிலத்தில் இருக்கும் பெரிய காவியம் 'பேயோவுல்ஃப்', 3182 வரிகள். கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் அது பிழைத்து வந்திருக்கிறது. 1731-ல் லண்டனில் அது இருந்த நூலகம் தீப்பிடித்தபோது அதன் ஓரங்கள் கருகின. இன்றைய ஆங்கிலேயர் யாரிடம் அதைக் கொடுத்தாலும் ஒரு வரி புரியாது. ஜெர்மன் போலத்தான் தெரியும். அதனாலேயே அது யாரையும் ஏமாற்றுவதில்லை. மொழிபெயர்ப்பையோ அகராதியையோ எடுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் காலத்துச் சொற்கள் சில, பொருளை மாற்றிக்கொண்டு இன்றும் நடமாடுகின்றன. அவற்றைத் தெரிந்துவைத்தால் பிற்கால நூல்களில் கைகொடுக்கும். 'டியர்' என்றால் இன்று மான். அன்று எந்த விலங்கும் அதுதான். 'கிங் லியர்' நாடகத்தில் பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேடத்தில் இருக்கும் எட்கர், எலியும் சுண்டெலியும் அதுபோன்ற சிறிய 'டியர்'களும் தின்றே ஏழு வருடம் ஓட்டினேன் என்கிறான். குட்டி மான் வேட்டை என்று நினைத்தால் காட்சியே கெட்டுவிடும். 'மீட்' என்றால் உணவு, இறைச்சி மட்டும் என்று பிறகுதான் குறுகியது. 'வைஃப்' என்றால் பெண், மணமானவளா என்ற கேள்வியே இல்லை. மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'லார்ட்' என்ற கம்பீரமான சொல், 'ரொட்டியைக் காப்பவன்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டித் தேய்ந்து வந்தது. 'லேடி' என்பதன் தொடக்கத்தில் ரொட்டி மாவு பிசைபவள் இருக்கிறாள். வீட்டில் சோறு போடுகிறவர் யாரோ அவரே எஜமான் என்ற கணக்கு.

'ஸ்டார்வ்' தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் 'சாவது' என்று மட்டுமே பொருள். எப்படிச் செத்தாலும் சரி. பொதுவழக்கில் அது பசியால் சாவதாகக் குறுகியது; இங்கிலாந்தின் வடக்குப் பகுதிகளில் குளிரால் வாடுவதாகவும் குறுகியது. எமிலி பிராண்டி அந்த வடக்கிலிருக்கும் யார்க்‌ஷயர்க்காரர். 1847-ல் வந்த 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் 30-ஆம் அத்தியாயத்தில், இளைய கேத்தரின் மாடியிலிருந்து இறங்கி வரும்போது ஹேர்ட்டன் எழுந்து, அடுப்பருகே வந்து உட்கார், நீ 'ஸ்டார்வ்டு' ஆகியிருப்பாய் என்று அழைக்கிறான். பசித்தவளுக்குத் தட்டை நீட்டாமல் நெருப்பை ஏன் காட்டுகிறான்? அவன் சொன்னது குளிரை. ஒரு மாதத்துக்கு மேலாகவே அப்படித்தான் இருக்கிறேன் என்று அவள் அந்தச் சொல்லையே அழுத்தி ஏளனமாகத் திருப்பிச் சொல்கிறாள். அந்த வீட்டில் அவளிடம் யாரும் அன்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது நினைவிருந்தால், அந்தக் குளிர் வெறும் பனிக்காலக் குளிர் இல்லை என்று தெரியும். பசி என்று படித்தவருக்கு இது எதுவும் கிடைக்காது.

சாசர் 14-ஆம் நூற்றாண்டுக்காரர். சொற்கள் மாறும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசெய்ட்' இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், ஆயிரம் ஆண்டுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு 'நைஸ்' ஆகவும் விநோதமாகவும் தெரிகின்றன என்கிறார். இதில் வேடிக்கை, அந்த 'நைஸ்' என்ற சொல்லே மாறிப்போனதுதான். அவருடைய காலத்தில் அதற்கு 'முட்டாள்தனமான' என்று பொருள். லத்தீனில் 'அறியாத' என்ற சொல்லிலிருந்து வந்தது. சொற்கள் மாறுவதைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தையே சொல்மாற்றம் பின்னாளில் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. இன்று படிக்கிறவர், பழைய சொற்களை அவர் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வார்.

சாசரிடம் 'கேர்ள்' என்றால் ஆணோ பெண்ணோ, இளவயதுக்காரர். 'லூட்' (lewd) என்றால் படிக்காத பாமரன். ஆபாசம் அதில் பிறகு ஏறியது. இப்படிப் பாமரனைக் குறித்த சொற்கள் வசைச் சொற்களாக இறங்கியது ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 'வில்லன்' என்பவன் பண்ணையில் வேலை செய்த குடியானவன், 'நேவ்' (knave) என்பவன் வெறும் பையன். இரண்டும் அயோக்கியனைக் குறிப்பதாகிவிட்டன. யார் எழுதினார்களோ அவர்கள் பார்வையில்தானே சொல் வளரும்.

சரி, ஷேக்ஸ்பியர். ரோமியோவை நினைத்து ஜூலியட் சொல்லும் புகழ்பெற்ற வரியில் 'வேர்ஃபோர்' என்பதற்கு 'எங்கே' என்று பொருள் கொண்டு, அவள் மாடத்திலிருந்து கண்ணுக்குக் கைவைத்துத் தேடுவதுபோல நடிப்பார்கள். அதற்கு 'ஏன்' என்று பொருள். நீ ஏன் ரோமியோவாக, என் குடும்பத்துப் பகைவனாக இருக்க வேண்டும் என்கிறாள். இது பலருக்கும் தெரிந்ததே. 'லெட்' இன்னும் பொல்லாதது. இன்று 'விடு, அனுமதி' என்று பொருள். பழைய காலத்தில் அதே ஒலியில் 'தடு' என்ற வேறொரு சொல்லும் இருந்தது. தந்தையின் ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடிக்கும்போது, என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் கத்துகிறான். இன்றைய பொருளில் படித்தால், வழிவிடுகிறவனைக் கொல்வேன் என்று ஆகிவிடும். டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் உரசினால் 'லெட்' என்கிறார்களே, அது இந்தத் 'தடு' தான்.

'பிரசென்ட்லி' என்றால் இன்று 'சற்று நேரத்தில்' அல்லது 'தற்போது'. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'உடனே'. 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி பிராஸ்பரோ ஒரு வேலையை ஏவும்போது, ஏவல் ஆவியான ஏரியல், 'பிரசென்ட்லி'யா என்று கேட்கிறது. ஆமாம், கண்ணிமைக்கும் நேரத்தில் என்று பதில் வருகிறது. அகராதி தேவையே இல்லை, உரையாடலே பொருளைச் சொல்லிவிடுகிறது. இப்படிப் பிரதிக்குள்ளேயே விளக்கம் கிடைக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 'ரைவல்' என்றால் போட்டியாளன். ஆனால் ஹாம்லெட் முதல் காட்சியில் காவலுக்கு நிற்கும் பெர்னார்டோ, தன்னோடு காவலுக்கு வரவேண்டியவர்களையே 'ரைவல்ஸ்' என்கிறான். அங்கே அதற்குக் கூட்டாளிகள் என்று பொருள்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு பொறி வேண்டுமானால் 'கிங் லியர்' மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. கிழவர் குளோஸ்டரை நாற்காலியில் கட்டிவைத்து, ரீகன் அவருடைய தாடி மயிரைப் பிடுங்குகிறாள். அவர் அவளை 'நாட்டி லேடி' என்று அழைக்கிறார். இன்று 'நாட்டி' என்பது சுட்டித்தனம் செய்யும் குழந்தைக்குச் சொல்வது. அன்று அதில் ஒரு செல்லமும் கிடையாது. ஒன்றுமற்றது, மதிப்பற்றது என்ற இடத்தில் தொடங்கிக் கொடியது, பொல்லாதது என்று நின்ற சொல். அதே மூச்சில், நீ பிடுங்கும் இந்த மயிர்கள் 'குவிக்கன்' ஆகி உன்மேல் குற்றம் சாட்டும் என்கிறார். 'குவிக்' என்றால் வேகம் என்று நமக்குத் தெரியும். அதன் பழைய பொருள் உயிருள்ளது. கல்லறை தோண்டுபவனிடம் ஹாம்லெட் பேசும் காட்சியில், குழி செத்தவருக்கு, 'குவிக்' ஆனவருக்கு இல்லை என்று வருவதும் இதுதான். ஆக அந்த மயிர்கள் உயிர்பெற்று எழுந்து சாட்சி சொல்லும் என்கிறார் குளோஸ்டர். அதே காட்சியில் அவருடைய கண்கள் பிடுங்கப்படப் போகின்றன. 'சுட்டிப் பெண்ணே, வேகமாகிவிடும்' என்று காதில் விழுந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது 'தௌ', 'யூ'. இதில் தமிழ் படித்தவருக்கு இன்றைய ஆங்கிலேயரைவிட அனுகூலம் அதிகம். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'யூ' ஏறக்குறைய நம் 'நீங்கள்', 'தௌ' நம் 'நீ'. ஆங்கிலத்தில் பின்னது பொதுவழக்கிலிருந்து போய்விட்டது. பைபிளிலும் பிரார்த்தனையிலும் மட்டும் கேட்டுப் பழகியதால், 'தௌ' ஏதோ பயபக்தியான சொல் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். கடவுளை 'நீ' என்று அழைத்துப் பாடும் நமக்கு இந்தக் குழப்பம் வரத் தேவையில்லை. நெருக்கம், அன்பு, கீழே இருப்பவர், அவமானம், கடவுள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே 'நீ' தான். எந்தக் காட்சியில் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்தால் நாடகமே வேறு மாதிரி கேட்கும். ஹாம்லெட் தாயின் அறைக்கு வருகிறான். ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள் கெர்ட்ரூட். அவள் சொல்லும் தந்தை, புதுக்கணவன் கிளாடியஸ். மகன் அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறான்: அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள். அந்த 'நீங்கள்' மரியாதையாகவும் இருக்கிறது, கதவைச் சாத்துவதுபோலவும் இருக்கிறது. உடனே தாயும் 'நீ'யை விட்டுவிட்டு 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். கோபம் வந்ததும் பிள்ளையைப் போய் 'நீங்க' என்று பேசும் அம்மாக்களை நமக்குத் தெரியாதா என்ன. இதை எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் நம்மால் உணர முடியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'லியர்' முதல் காட்சியில் விசுவாசியான கென்ட், மன்னர் தவறு செய்யும்போது திடீரென்று 'தௌ' என்றும் 'கிழவா' என்றும் பேசுகிறான். பேச்சில் அவன் மன்னருடைய கிரீடத்தையே கழற்றிக் கீழே வைத்துவிட்டான். 'ட்வெல்த் நைட்' நாடகத்தில் சர் டோபி, சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதும் நண்பனிடம், எதிராளியை மூன்று தடவை 'தௌ' போட்டு எழுதினாலும் தப்பில்லை என்று தூண்டிவிடுகிறான். இது மேடைக்கு மட்டுமான வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1603-ல் சர் வால்டர் ராலேயின் ராஜத்துரோக விசாரணையில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், உன்னை நான் 'தௌ' என்கிறேன், துரோகியே என்று நீதிமன்றத்தில் வைத்தே சொன்னார்.

உறவுமுறைச் சொற்களும் நம்மவர்கள் சறுக்கும் இடம். நாம் இவற்றை மிகத் துல்லியமாகப் பயன்படுத்துகிறவர்கள் அல்லவா? ஆங்கில உறவுச் சொற்களோ அந்தக் காலத்தில் இன்றைய அர்த்தத்தில் இல்லை. கிளாடியஸ் தன் அண்ணன் மகனான ஹாம்லெட்டைக் 'கஸின்' என்கிறான். அன்று அது நெருங்கிய சொந்தக்காரர் யாருக்கும் பொருந்தும். 'ஒதெல்லோ' முதல் காட்சியில் இயாகோ, கதாநாயகியின் தந்தை பிரபான்ஷியோவிடம் உன் 'நெஃப்யூ'க்கள் குதிரைபோலக் கனைப்பார்கள் என்று கேவலமாகப் பேசுகிறான். அவன் சொல்வது உடன்பிறந்தவர்களின் மகன்களை இல்லை, மகள்வழிப் பேரன்களை. லத்தீன் மூலச்சொல்லுக்குப் பேரன் என்று பொருள். 1811-ல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தொடக்கத்தில், சாகும் தறுவாயில் இருக்கும் தந்தை, ஜான் டாஷ்வுட்டிடம் 'மதர் இன் லா'வையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். மாமியாரை எதற்கு இங்கே இழுக்கிறார் என்று தோன்றும். அது சிற்றன்னை. தந்தையின் இரண்டாவது மனைவி. டிக்கன்ஸின் 'பிக்விக்' கதையில் சாம் வெல்லர் சலித்துக்கொள்ளும் 'மதர் இன் லா'வும் இதே ஆள்தான்.

17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களில் இருவர் மட்டும். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-ல் வந்தது. அதன் நான்காம் பாகத்தில் ஏதேன் தோட்டத்து ஓடைகள் நிழலின் கீழே 'எரர்' உடன் ஓடுகின்றன. எரர் என்றால் பிழை. பாவமே நுழையாத இடத்தில் பிழை எப்படி வந்தது? லத்தீனில் அந்தச் சொல் 'அலைந்து திரிதல்'. ஓடை வளைந்து வளைந்து போகிறது, அவ்வளவே. ஆனால் மில்டனுக்கு இரண்டு பொருளும் தெரியும், நமக்கும் கதை முடிவு தெரியும். சொல் இன்னும் கறைபடாமல் இருந்த ஒரு காலத்தை நம் கறைபட்ட காதுக்கு அவர் கேட்க வைக்கிறார். இங்கே பழைய பொருளை மட்டும் வைத்துக்கொண்டு புதியதைத் தூக்கிப்போடுவதும் பிழைதான். மற்றொன்று, ஆண்ட்ரூ மார்வெல் இறந்த பிறகு 1681-ல் அச்சான காதல் கவிதையில் வரும் 'வெஜிடபிள்' காதல். முட்டைக்கோஸ் ஞாபகம் வந்தால் வாசகர் பொறுப்பில்லை. உயிர்களுக்கு மூன்று படி ஆன்மா உண்டு, அதில் தாவரங்களுக்கும் உரியது வளரும் ஆற்றல் மட்டும் என்ற அக்காலத் தத்துவத்திலிருந்து வந்த சொல் அது. மெதுவாக, ஓயாமல், சாம்ராஜ்யங்களைவிடப் பெரிதாக வளரும் காதல் என்கிறார்.

இப்போது ஜேன் ஆஸ்டின். இவரிடம் வாக்கியம் தெளிவு, இலக்கணம் நம்முடையது, சொல் ஒவ்வொன்றும் நாளிதழில் வருவது. அதனால்தான் வம்பு.

1813-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலில் பாதிரியார் காலின்ஸ், லேடி கேத்தரினின் 'கான்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார். இன்று அந்தச் சொல் வசவு. மேட்டிமையோடு, மட்டம் தட்டிப் பேசுவது. அப்படியானால் காலின்ஸ் தன் புரவலரைத் திட்டுகிறாரா? இல்லை. உயர்ந்த இடத்தில் இருப்பவர் தன் அந்தஸ்தைத் தள்ளிவைத்து, கீழே இருப்பவரிடம் இறங்கி வந்து பழகும் பெருந்தன்மைக்கு அன்று அதுதான் பெயர். காலின்ஸ் அதை மெய்யான புகழ்ச்சியாகவே சொல்கிறார். நாவலின் கேலி, லேடி கேத்தரின் அந்தப் புகழ்ச்சிக்குக் கொஞ்சமும் தகுதியில்லாதவர் என்பதிலும், அது தெரியாமல் இவர் உருகுவதிலும் இருக்கிறது. இன்றைய பொருளோடு படிக்கிறவரும் சிரிப்பார், ஆனால் தவறான இடத்தில் சிரிப்பார். லூயிஸ் சொன்ன ஆபத்து இதைவிடச் சுத்தமாக எங்கும் கிடைக்காது.

'கேண்டர்' அதே நாவலில். இன்று அது ஒளிவுமறைவில்லாமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. நான்காம் அத்தியாயத்தில் எலிசபெத் தன் அக்கா ஜேனிடம் இந்தக் குணம் இருக்கிறது என்கிறாள். ஜேன் யாரைப் பற்றியும் குறையே சொல்லாதவள் ஆயிற்றே! எலிசபெத்தே விளக்குகிறாள்: எல்லோரிடமும் நல்லதை எடுத்துக்கொண்டு, அதை இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியிலும் இந்தச் சொல்லுக்கு இனிய சுபாவம், மனத்தூய்மை, அன்பு என்றெல்லாம் பொருள் வருகிறது. வெளிப்படைத்தன்மையும் கூடவே இருக்கிறது. கிட்டத்தட்ட நேர் எதிரான இரண்டு குணங்கள் ஒரே சொல்லில் குடியிருந்து, பிறகு ஒன்று மற்றதை வெளியேற்றிவிட்டது.

அந்த நாவலின் முதல் வாக்கியமே பொறிதான். செல்வமுள்ள மணமாகாத ஆணுக்கு மனைவி 'வான்ட்' என்று வரும் இடத்தை, அவன் மனைவியை விரும்புகிறான் என்று புரிந்துகொள்கிறோம். சொல்லின் எடை இல்லாமையில், குறையில் இருக்கிறது. அவனுக்கு மனைவி இல்லை, இருந்தாக வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவன் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், அறியாமை, 'வான்ட்' என்ற பெயர்களில் இரண்டு எலும்பும் தோலுமான குழந்தைகள் வருகின்றனவே, அதில் இரண்டாவது குழந்தையின் பெயர் வறுமை. ஆசை என்று படித்தால் அபத்தம்.

'எம்மா'வில் மிஸ்டர் எல்டன், வண்டியில் தனியாக இருக்கும்போது எம்மாவிடம் தீவிரமாக 'மேக்கிங் லவ்' செய்கிறார். பதற வேண்டாம். காதலை வாயால் சொல்கிறார், அவ்வளவுதான். 'மார்னிங்' என்றால் 'டின்னர்' என்ற பெரிய சாப்பாட்டுக்கு முன்பு வரையான பகல் முழுவதும். மாலை நான்கு மணிக்கு முன்னால் வரும் விருந்தாளியும் காலை விருந்தாளியே. கதையின் நேரக்கணக்கு உதைப்பதாகத் தோன்றினால் இதைச் சரிபார்க்கலாம்.

'நைஸ்' இங்கே திரும்ப வருகிறது. 1817 கடைசியில் வெளியான 'நார்தாங்கர் ஆபி'யின் 14-ஆம் அத்தியாயத்தில் கேத்தரின் மார்லண்ட் ஒரு நாவலை உலகத்திலேயே மிக 'நைஸ்' ஆன புத்தகம் என்கிறாள். ஹென்றி டில்னி சும்மா விடுவதில்லை. நேர்த்தியானது என்று சொல்கிறாயா, அப்படியென்றால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கேலி செய்கிறான். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே போடுகிறார்கள், தொடக்கத்தில் இது நேர்த்தி, நுட்பம், நாகரிகம் ஆகியவற்றுக்கே இருந்தது என்று வகுப்பு எடுக்கிறான். தொடக்கத்தில் அது முட்டாள்தனம் என்று சாசரிடம் பார்த்தோம். ஹென்றி பிடித்துத் தொங்கும் 'அசல் பொருள்' நடுவழியில் வந்த ஒரு நிறுத்தம்தான். மொழித்தூய்மை பேசுகிறவர்கள் பலருக்கும் இதே கதி.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரு சொல்லின் வேர் தெரிந்தவுடன், அதுதான் உண்மையான பொருள் என்று பிடித்துக்கொள்ளத் தோன்றும். எழுத்தாளர் எழுதிய ஆண்டில் அவர் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் நமக்கு வேண்டும்; அதற்கு முன்னால் அது லத்தீனில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது மில்டன் போன்ற லத்தீன் புலவர்களிடம்தான் பெரும்பாலும் உதவும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்த அரசர் அதை 'ஆஃபுல், ஆர்ட்டிஃபிஷியல்' (இன்றைய பொருளில் மோசமானது, செயற்கையானது) என்று பாராட்டினார் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. சொன்ன அரசரின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் கதையை நம்ப வேண்டாம். ஆனால் 1675-ல் அந்தத் தேவாலயத்தின் வரைபடத்துக்கு அனுமதி அளித்த அரசாணையில் 'ஆர்ட்டிஃபிஷியல்' என்ற பாராட்டு நிஜமாகவே இருக்கிறது. கைத்திறனோடு செய்யப்பட்டது என்று பொருள். கட்டுக்கதையைவிட ஆவணம் சுவாரசியமாக இருக்கும் அபூர்வமான இடம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்ற இரண்டாம் பாதிக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் முதன்மைக் கருவி. மேசையில் வைக்கும் சிறிய ஆக்ஸ்ஃபோர்டு இல்லை, பல தொகுதிகளில் வந்த பெரியது. 1857-ல் லண்டன் மொழியியல் சங்கத்தில் யோசனை பிறந்து, 1884-ல் முதல் பகுதி வெளியாகி, 1928-ல் முடிந்த வேலை. ஏறக்குறைய பாதி, முதன்மை ஆசிரியர் ஜேம்ஸ் மரேயின் உழைப்பு. முடிவைப் பார்க்காமல் 1915-ல் இறந்துபோனார். அதில் பொருள்கள் பிறந்த வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்கள் இருக்கும். நீங்கள் படிக்கும் நூலின் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் எந்தெந்தப் பொருள்கள் புழக்கத்தில் இருந்தன என்று பாருங்கள். பல நூலகங்கள் வழியாக இணையத்தில் கிடைக்கிறது. ஆஸ்டினுக்கும் 18-ஆம் நூற்றாண்டுக்கும் ஜான்சன் அகராதி இலவசமாகவே இணையத்தில் உண்டு. ஷேக்ஸ்பியருக்கு டேவிட் கிறிஸ்டலும் பென் கிறிஸ்டலும் 2002-ல் தொகுத்த 'ஷேக்ஸ்பியர்ஸ் வேர்ட்ஸ்' வசதியானது.

ஆனால் எந்த அகராதியும், பார்க்க வேண்டும் என்று தோன்றினால்தான் உதவும். அந்தச் சந்தேகம் எழ ஒரே வழி, வாக்கியத்தின் சுற்றுப்புறத்தைக் கவனிப்பது. பாராட்டும் தொனியில் ஒரு வசைச்சொல் வந்தால், நெருப்பருகே பசி வந்தால், பாத்திரத்தின் குணத்துக்கு ஒவ்வாத ஒரு அடைமொழி வந்தால், வாக்கியத்தைக் குறை சொல்வதற்கு முன் சொல்லைச் சந்தேகியுங்கள். ஓர் எழுத்தாளர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் அப்படியே. அந்த நூலின் மின்பிரதியில் அந்தச் சொல்லைத் தேடி, வரும் எல்லா இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் பெரும்பாலும் பொருள் தானாகவே தெளிந்துவிடும்.

பதிப்பு வாங்கும்போதும் இதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். கடைசிப் பக்கங்களில் சொற்பட்டியல் இருக்கும் பதிப்பு, நீங்கள் சந்தேகப்பட்ட சொல்லுக்கு மட்டுமே பயன்படும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறிப்பு இருக்கும் பதிப்பு, நீங்கள் சந்தேகப்படாததையும் காட்டிக்கொடுக்கும். ஆர்டன் வரிசை ஷேக்ஸ்பியர் அப்படிப்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் எதிர்ப்பக்கத்தில் மாற்றி எழுதித் தரும் பதிப்புகள் கதை தெரிந்துகொள்ள ஓரளவு உதவும். ஆனால் அவற்றில் 'தௌ' எல்லாமே 'யூ' ஆகிவிடும், கெர்ட்ரூடும் ஹாம்லெட்டும் ஒரே மாதிரி பேசுவார்கள். அதற்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல்.